இன்னொரு காது

தூத்துக்குடிச் செவிப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து மங்கையர்க்கரசிக்கு வாயைத் திறந்து பேச வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. காலையில் ஆட்கள் வந்து நாற்காலியில் உட்காருவார்கள். காதுக்குப் பின்னால் எலும்போடு பதிந்திருக்கும் கருவியின் மேல் அவள் சோதனைக் கம்பியை ஒட்டவைப்பாள். கருவிக்குள் இருக்கிற ஒவ்வொரு கோப்பையும் கணினி எடுத்துப் பார்த்து, திரையில் பச்சை பச்சையாக அடுக்கிக்கொண்டே போகும். கடைசியில் "சரி, போகலாம்" என்பாள். அவ்வளவுதான். சாயங்காலம் புதுக்கிராமத்து வாடகை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால், மறுநாள் முதல் ஆளிடம் "உட்காருங்க" என்று சொல்லும்வரை தன் குரலை அவளே கேட்பதில்லை.

உலகம் முழுக்க அந்தக் காய்ச்சல் வந்து போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பிழைத்தவர் எல்லோருக்கும் காது போனது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே கேட்கவில்லை. காது தப்பியவர் என்று ஒருவரும் மிஞ்சாததால், அரசாங்கம் கைக்குழந்தை முதல் கட்டையில் போகிற கிழவர் வரைக்கும் காதுக்கருவி வைத்துவிட்டது. சிலருக்குத் தொண்டையும் சேர்ந்து போயிருந்தது. அவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள நீல வில்லை ஒன்று கொடுத்தார்கள். வில்லையைப் பார்த்தால் எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு, கைப்பேசியில் எழுதிக் காட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் பொறுப்பதில்லை.

மங்கையர்க்கரசிக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலேயே ஒரு கடற்கரைத் திருவிழாவில் எவனோ ஒருவன், பாட்டு கேட்பதற்கு என்று சொல்லிப் பலருடைய காதுக்குள் ஒரு கோப்பைப் பரப்பியிருந்தான். கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து அது பேசியது. கடல் ஏறி வருகிறது, ஓடுங்கள் என்று. அவள் கணவன் கதிரேசனின் காதில் அந்தக் கோப்பு இருந்தது. அவள் காதில் இல்லை. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஓடப் பார்த்தான். "என்னன்னு சொல்லுங்க" என்று கையை விடுவித்துக்கொண்டு நின்றவள் அவள். கடல் வரவில்லை. ஓடியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மிதிபட்டுச் செத்தார்கள், கதிரேசனும். அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. தெரிந்த கோப்பைத் தவிர வேறு எதுவும் யார் காதிலும் இருக்கக் கூடாது. சட்டம் வந்ததும் அந்தத் துறையிலேயே வேலை கேட்டு வாங்கினாள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி ஓய்வுபெற்ற இன்னாசி என்பவர் மனைவியோடு வந்தார். மனைவி பெயர் செலஸ்தீன். ஒடிசலான உடம்பு, புடவைத் தலைப்பில் நீல வில்லை. இன்னாசியின் காதைச் சோதித்தபோது பச்சை வரிசைக்கு நடுவே ஒரு வரி சிவப்பாக நின்றது. செலஸ்தீனைச் சோதித்தபோதும் அதே இடத்தில் அதே சிவப்பு.

மங்கையர்க்கரசி தூத்துக்குடிக்கு வந்து பார்த்த முதல் சிவப்பு அது.

"ஐயா, உங்க ரெண்டு பேர் காதுலயும் தெரியாத கோப்பு ஒண்ணு இருக்கு. யார் ஏத்தினாங்க?"

இன்னாசி ஒளிக்கவில்லை. மனைவியைக் காட்டினார். செலஸ்தீன் மங்கையர்க்கரசியைப் பார்த்து உதட்டை அசைத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. மங்கையர்க்கரசி வழக்கப்படி கைப்பேசியை அவள் பக்கம் நகர்த்தினாள். செலஸ்தீன் அதைத் தொடாமல் மறுபடி உதட்டை அசைத்தாள். இன்னாசி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

"அவ பேசிக்கிட்டுத்தான் இருக்கா மேடம். உங்களுக்குத்தான் கேக்கல" என்றார்.

பிறகு நடந்ததை அவரே சொன்னார். காய்ச்சலுக்கு முன்னால் செலஸ்தீன் காதுக்கருவி பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்தவள். காய்ச்சலில் குரல் போய்விட்டதென்று டாக்டர் சொன்னதும் மற்றவர்களைப் போல அவளும் வில்லையைக் குத்திக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். ஒரு நாள் பழக்க தோஷத்தில் கொல்லையில் நின்று நாயைக் கூப்பிட்டிருக்கிறாள். முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய் எழுந்து வந்துவிட்டது.

"நாய்க்குக் காது மிஷின் கிடையாதுல்லா" என்றார் இன்னாசி. "அன்னைக்குத்தான் இவளுக்குப் புரிஞ்சுது. தொண்டை கெட்டது நெசந்தான். குரல் கரகரன்னு ஆயிட்டு. ஆனா போகல. இந்த மிஷின் இருக்குல்லா, அது மோட்டார் சத்தம், காத்துச் சத்தம் எல்லாத்தையும் சல்லடை போட்டுக் கழிச்சுட்டுப் பேச்சை மட்டும் காதுக்குள்ள விடுது. இவ குரலையும் இரைச்சல்னு நெனச்சு அது கழிச்சுக்கிட்டு இருந்திருக்கு. டாக்டர் காதுலயும் அதே மிஷின்தானே? அவருக்கு எப்படித் தெரியும்? இவ அந்தச் சல்லடைக் கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கினா. அவ்வளவுதான் செஞ்சா. அன்னையிலேருந்து எனக்குக் கேக்குது."

மங்கையர்க்கரசி செலஸ்தீனைப் பார்த்தாள். இப்படிச் சொல்பவர்கள் வருவார்கள் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். தெரியாத கோப்பு வைத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கும். திருவிழாவில் கோப்பு பரப்பியவனும் பாட்டு என்றுதான் சொன்னான்.

"இது யாருக்கு என்ன கெடுதல் செஞ்சுது மேடம்?"

"கெடுதலா இல்லையான்னு இந்தக் கணினி பாக்காது ஐயா. கம்பெனிக்காரங்க வெளியிட்ட ஒவ்வொரு கோப்புக்கும் கணக்குப் போட்டு ஒரு கைரேகை எடுத்து வெச்சிருக்காங்க. உங்க காதுல இருக்கிற கோப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாக்குது. ரேகை பட்டியல்ல இருந்தா தெரிஞ்ச கோப்பு. இல்லேன்னா தெரியாத கோப்பு. ஒரே ஒரு எழுத்தை மாத்தினாலும் ரேகை மொத்தமா வேறயாயிடும்."

"அப்ப இவ என்னத்தை மாத்தினான்னு அது சொல்லாது?"

"சொல்லாது. மாறியிருக்குன்னு மட்டும் சொல்லும்."

வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கொடுத்தாள். அதற்குமேல் கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. அன்று வந்தால் இரண்டு பேர் காதிலும் அந்தக் கோப்பை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டு அனுப்ப வேண்டியது. வாசல்வரை போன செலஸ்தீன் திரும்பி வந்து, அவள் முகத்துக்கு நேரே எதையோ சொன்னாள். இன்னாசி மொழிபெயர்க்கவில்லை. மங்கையர்க்கரசியும் என்னவென்று விசாரிக்கவில்லை.

ஆனால் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் மதியம், வீட்டுச் சரிபார்ப்பு என்று ஒன்று விதியில் இருப்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, கடற்கரையோரத்தில் அவர்கள் இருந்த சந்துக்குப் போனாள். இன்னாசி வாசலில் நாற்காலி போட்டார். செம்மண் நிறத்தில் ஒரு நாய் அவள் காலடியில் வந்து சுருண்டு படுத்தது. செலஸ்தீன் உள்ளே அடுப்படியில் இருந்தாள். அங்கிருந்து வாசல் தெரியாது.

"நாயைக் கூப்பிடச் சொல்லுங்க" என்றாள் மங்கையர்க்கரசி.

இன்னாசி உள்ளே பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். சட்டென்று நாயின் காது விடைத்தது. எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, நேராக அடுப்படிக்குப் போனது. "போகச் சொல்லுங்க" என்றாள். நாய் திரும்பி வந்து அதே இடத்தில் படுத்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அதற்கடுத்த தடவை நாய்க்கே சலிப்புத் தட்டிவிட்டது. தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நாய் வராததற்கு உள்ளிருந்து செலஸ்தீன் எதையோ சொல்லியிருக்க வேண்டும். "அதுவும் உன்னை மாதிரிதானே இருக்கும்" என்று இன்னாசி பதில் சொன்னார்.

அந்த வீட்டில் இருந்தவரைக்கும் மங்கையர்க்கரசி அவர்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் வாங்கியது, கரண்டுக்காரன் வராதது, மருமகள் போனில் சொன்னது என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அதில் பாதிதான் அவளுக்குக் கேட்டது. இன்னாசி "ஆமா" என்பார், "அது எப்படி?" என்பார், கோபித்துக்கொள்வார், சமாதானமாவார். எதிரே செலஸ்தீனின் வாய் மட்டும் அசையும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பது போலிருந்தது அவளுக்கு. கடைசியாக ஒருவரோடு இப்படி ஒன்றுமில்லாத விஷயத்தைப் பேசியது எப்போது என்று யோசித்தாள். கதிரேசனோடு ஒரு கரும்புச்சாற்றுக் கடை முன்னால் நின்று, ஐஸ் போடுவதா வேண்டாமா என்று பேசியது நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சென்னையிலிருந்த மேலதிகாரி கல்யாணசுந்தரத்தைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கருவி செய்த கம்பெனி மூடிப்போய்விட்டது, சல்லடையைத் திருத்தச் சொல்லிக் கேட்க இப்போது ஆள் இல்லை என்றார். தனி ஆள் எழுதிய கோப்பைப் பட்டியலில் சேர்க்க வழியே இல்லையா என்று கேட்டாள்.

"ஒரு வழி இருக்கும்மா. ஒரே கோப்பு வேற வேற ரெண்டு வீட்டுல, ரெண்டு பேர் காதுல, ஒரு மாசம் புகார் இல்லாம இருந்தா, புழக்கத்துல இருக்கிற கோப்புன்னு சேர்த்துக்கலாம். ஒரு வீட்டுல எத்தனை காது இருந்தாலும் ஒண்ணுதான் கணக்கு. ரெண்டாவது வீடு பதிவாயிட்டா அந்த மாசம் முழுக்க யார் காதுலயும் கை வைக்க வேண்டாம்."

"ஏன் சார் அப்படி?"

"ஒருத்தருக்கு மட்டும் கேட்டா அது பைத்தியமா, உண்மையான்னு எப்படிச் சொல்றது? இன்னொருத்தருக்கும் கேக்கணும்."

இன்னாசியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகம் மலர்ந்தது. நம் சந்தில் ஒரு ஆள் கிடைக்காமலா போகும் என்றார். கிடைக்கவில்லை. அவரோடு மங்கையர்க்கரசியும் வீடு வீடாகப் போனாள். செலஸ்தீன் பிரசவம் பார்க்கப் போன வீடு, சண்டையில் சமாதானம் செய்துவைத்த வீடு, எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லிக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். காதைப் பற்றிப் பேச்செடுத்ததும் எழுந்துகொண்டார்கள். அந்தத் திருவிழாவில் ஆளைப் பறிகொடுக்காத வீடு அந்தச் சந்தில் குறைவு. பக்கத்து வீட்டு ரொசாரி மட்டும் வாசல்வரை வந்து சொன்னாள்:

"செலஸ்தீன் தங்கமான பொம்பளதான். அவ குரல் கேட்டா எனக்கும் சந்தோசந்தான். ஆனா என் காதுக்குள்ள புதுசா எதையும் விட மாட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

மங்கையர்க்கரசி அவளை வற்புறுத்தவில்லை. தன்னைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவர்கள் நேரத்துக்கு வந்தார்கள். செலஸ்தீன் நல்ல புடவை கட்டியிருந்தாள். இன்னாசி நாற்காலியில் உட்காருமுன், கொஞ்ச நேரம் பேசிக்கொள்ளலாமா என்று கேட்டார். மங்கையர்க்கரசி வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். இன்னாசி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். செலஸ்தீன் அவருக்கு எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கையை நீட்டி மடக்கி, சமையலறையில் எது எது எங்கே இருக்கிறது என்று சொல்வது மாதிரி, விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் இன்னாசி "மெதுவா, மெதுவா" என்றது மட்டும் கதவைத் தாண்டி வந்தது.

அவர்கள் முடிக்கும்வரை மங்கையர்க்கரசி காத்திருந்தாள். பிறகு உள்ளே போய், இன்னாசியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஐயா காதுல இருக்கிறதை என் காதுல ஏத்துங்க. உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள்.

செலஸ்தீன் நகரவில்லை. இன்னாசிதான், "உங்க வேலைக்கு ஒண்ணும் வராதா மேடம்?" என்று கேட்டார். வரும் என்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செலஸ்தீன் எதையோ கேட்டாள். இன்னாசி தயங்கிச் சொன்னார்:

"உங்களுக்குப் பயமா இல்லியான்னு இவ கேக்கா."

"இருக்கு" என்றாள் மங்கையர்க்கரசி. "சீக்கிரம் ஏத்துங்க."

கம்பி காதுக்குப் பின்னால் சில்லென்று ஒட்டியது. கருவி அணைந்தது. உலகம் ஊமையானது. நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கருவிக்கு மறுபடி உயிர் வரும்போது அது என்ன சொல்லும்? இவர்கள் சொன்னதெல்லாம் பொய்யாக இருந்து, அது கடல் ஏறி வருகிறது என்று சொன்னால் ஓடுவேனா, உட்கார்ந்திருப்பேனா? இந்த ஒரு கணத்தைத்தான் கதிரேசன் அன்று தனியாகக் கடந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பக்கத்திலேயே நின்றிருந்தும் தனியாக.

முதலில் ஒரு கிறீச்சிடல் கேட்டது. மின்விசிறி. அது இத்தனை நாளும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. வெளியே காற்றில் எதுவோ தகரம் அடித்துக்கொண்டது. அப்புறம் அவள் தலைக்குப் பின்னால், மிக அருகில், உப்புத்தாளை மரத்தில் தேய்ப்பது போல ஒரு குரல். கருவி விழித்துவிட்டது தெரியாமல் அது தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"முடி வந்து கம்பில சிக்கிக்கிட்டு. அசையாம இருங்கம்மா. எடுத்துவிடுதேன்."

மங்கையர்க்கரசி அசையாமல் இருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

பிற்பாடு நடந்தவை பலருக்கும் தெரிந்தவைதான். இரண்டு வீடு, இரண்டு காது என்று அவள் அன்றே பதிவு செய்தாள். சோதனை செய்பவளே தெரியாத கோப்பை ஏற்றிக்கொண்டதற்காக அவளைத் தற்காலிகமாக நீக்கி, பிறகு நிரந்தரமாகவே நீக்கினார்கள். ஆனால் எந்த வீட்டுக் காது என்று விதி சொல்லவில்லை என்பதைக் கல்யாணசுந்தரம் அலுவலகக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து அந்தக் கைரேகை பட்டியலில் ஏறியது. அந்த ஒரு மாதமும் அவள் அநேகமாகச் செலஸ்தீன் வீட்டில்தான் மதியச் சாப்பாடு சாப்பிட்டாள். செலஸ்தீன் நிறையப் பேசுவாள் என்பதும், பாதிக்குமேல் ஊர்வம்பு என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை மாலை அவள் எப்போதும்போல் பேருந்து ஏறிப் புதுக்கிராமத்துக்குப் புறப்பட்டாள். சத்தங்கள் அவளை மொய்த்தன. என்ஜின், ஜன்னல் கண்ணாடி, கம்பியைப் பிடித்திருந்தவர்களின் வளையல். தலை வலித்தது. எப்போது வீடு வரும் என்றிருந்தது. அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. செலஸ்தீன் குரலைப் போலவே உரசலாக, ஆனால் அதைவிடத் தடித்து.

"எல, இவனுக்கு லைசென்சு குடுத்தவன் எவம்ல? மாட்டு வண்டியத்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பான். பள்ளம் எங்க எங்கன்னு தேடித் தேடில்லா விடுதான். எம் முதுகெலும்பு இன்னைக்குக் கழண்டுரும். பெத்தாளே ஒருத்தி இவனை."

திரும்பிப் பார்த்தாள். வயதான ஒருவர். மடியில் மஞ்சள் பை, சட்டையில் நீல வில்லை. வாய் அசைவது தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அந்தச் சல்லடைதான் இருந்தது. மனசுக்குள் திட்டுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக இப்படித் திட்டுகிறாரோ.

பேருந்தில் வேறு யாரும் திரும்பவில்லை. மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவக்கக் கைப்பேசியை எடுத்து, எழுதி அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டினார். 'என்ன சிரிப்பு?'

"இல்லைங்கய்யா. டிரைவருக்கு லைசென்சு குடுத்தது யாருன்னு எனக்கும் தெரியல" என்றாள்.

அவர் கைப்பேசியைப் பிடித்தபடியே இருந்தார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மெல்லக் கையை எடுத்துத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவரைப் போல, பயந்து பயந்து வாயைத் திறந்தார்.

"கேக்குதா?"

"கேக்குது. சொல்லுங்க."

முதலில் தன் பெயரைச் சொன்னார். ஊரைச் சொன்னார். கண்ணாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருவதாகவும், அங்கே ஒரு மனுசனும் தன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் வண்டி நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடி கிளம்பியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.